வாய் இறக்குதல்

செவ்வாய்ப்பேட்டை பழைய இரும்புக் கடையில்
தராசில் போட்டுத்தான் கொடுத்தார்கள்.
கீல், சைக்கிள் செயின், ஒரு கதவுக் கொண்டி,
நடுவே மடங்கிக் கிடந்தது சவரக்கத்தி.
நாற்பது ரூபாய்.
கத்திக்கு இல்லை, எடைக்கு.

பிடி இரண்டாய்ப் பிளந்திருந்தது.
வாயில், நுனியிலிருந்து அரை விரல் தள்ளி
ஒரு பல் போயிருந்தது, அரிசி அளவு.
துருவுக்கு அடியில் ஏதோ ஊரின் பெயர்.
முதல் எழுத்து மட்டும் மிச்சம்.

என் வலக்கையில்
பெருவிரல், மோதிர விரல், சுண்டுவிரல்.
மற்ற இரண்டும் பவர் பிரஸ்ஸுக்கு,
கொண்டலாம்பட்டியில், மூன்றாம் ஷிப்டில்.
அதற்கு வந்த பணத்தில் வாங்கியது
இந்த பெஞ்ச் கிரைண்டர்.
இரண்டு வருஷமாய் சலூனில் கழுத்தை நீட்டுகிறேன்.
நுரை தடவிக்கொண்டே கேட்பான்,
மொத்தம் எவ்வளவுண்ணா குடுத்தாங்க?
ஒவ்வொரு தடவையும்
முதல் தடவை கேட்பதுபோல.

பல் போன இடத்தை நிரப்ப வழியில்லை.
எஃகுக்கு ஒட்டுப் போட மாட்டார்கள்.
பள்ளத்தின் அடிமட்டம் வரைக்கும்
நன்றாயிருக்கிற வாயையும் சேர்த்து
இறக்கியாக வேண்டும்.

சக்கரத்தில் வைத்து எண்ணினேன்:
ஒன்று, இரண்டு, தண்ணீர்.
ஒன்று, இரண்டு, தண்ணீர்.
மூன்று என்று நின்றால் நீலம் பூக்கும்,
மயில் கழுத்து நீலம், பார்க்க அழகுதான்.
பூத்துவிட்டால் பதம் செத்தது.

பக்கத்துப் போர்ஷன் ரஞ்சிதம்
கொலுசுக்குப் பற்றவைத்துக்கொண்டே கேட்டாள்,
"யாரு கழுத்துக்குங்கண்ணா?"
"என் கழுத்துக்குத்தான்."
ஊதுகுழலை எடுத்துவிட்டுப் பார்த்தாள்.
"சவரம் பண்ண" என்றேன்.
"அத முன்னாடியே சொல்றதுக்கென்ன."
மறுநாள் ஆணிக்கென்று
ஒரு துண்டு வெள்ளிக் கம்பி கொண்டுவந்தாள்.
எடை போட்டுக் காசும் வாங்கிக்கொண்டாள்.

பிடிக்குக் காப்பி மரம்.
ஏற்காட்டில் மச்சினன் வேலை பார்க்கும் எஸ்டேட்டில்
காய்ப்பு நின்ற செடிகளைப் பிடுங்கியிருந்தார்கள்.
சாக்கில் நாலு கட்டை
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தது.
அறுத்தால் காப்பி வாசம் வருமென்று நினைத்தேன்.
வரவில்லை. ஈர வேட்டி வாசம்.

அதில் ஒரு பள்ளம் குடைந்தேன்,
ஆள்காட்டி விரலின் அடிக்கட்டை உட்கார.
வால் பக்கம் எஃகு இளசு, அரம் கடிக்கும்;
மோதிர விரல் வழுக்காதிருக்க ஏழு கோடு.
விரித்தால் திரும்ப மடங்காமலிருக்க
ரஞ்சிதத்தின் வெள்ளியில் ஒரு முளை.
இனி ஐந்து விரல் உள்ள எவனுக்கும்
இந்தக் கத்தி உதவாது.

அப்புறம் கல். சொரசொரப்பு, நடு, மழமழப்பு.
மூன்று ராத்திரி.
பழைய பெல்ட்டின் உள்பக்கத்தில் ஐம்பது இழுப்பு.
முன்கை முடியில் வைத்தேன்.
அழுத்தவே இல்லை, விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை, கரண்ட் இல்லை.
கண்ணாடியை ஜன்னலில் சாய்த்து வைத்தேன்.
அதன் மூலையில் சேர்வராயன் மலை,
பாதிக்கு மேல் மேகம்.
வலக் கன்னம் சரி.
தாடை சரி.
கழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு,
சரி.
மேலுதட்டுக்கு வரும்போது
தெருவில் தண்ணி லாரிக்காரன் ஹாரனை அழுத்த
மீசையின் இடது முனை
நுரையோடு தொட்டியில் விழுந்தது.
அரிசி அளவு.

கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு வலது முனையை எடுத்தேன்.
பிறகு இடதில் இன்னும் கொஞ்சம்.
பிறகு வலதில்.
பிறகு என்ன, மொத்தமும்.

படிகாரம் எரிந்தது.
இருபத்திரண்டு வருஷம் கழித்து
அந்த இடத்தில் காற்றுப் பட்டது.

லாரியடியில் குடத்தோடு நின்ற ரஞ்சிதம்
"யாருங்க வேணும்?" என்றாள்.
அப்புறம்
கையைப் பார்த்தாள்.