ஆழம் தெரிந்தவள்

பியூட் நகரில் ஏப்ரலிலும் பனி விடவில்லை.
கொட்டகை ஹீட்டர் ஒரு பக்கத்தை மட்டும் சுடுகிறது.
துளையிட்டு எடுத்த பாறைத் தண்டுகளைப்
பெட்டியில் அடுக்கி அடிக்கணக்கு எழுதுகிறேன்:
நானூற்றுப் பன்னிரண்டு,
நானூற்றுப் பதினேழு.

நனைந்தால்தான் கல் உண்மை பேசும்.
குழாய் உறைந்து கிடப்பதால்
நாக்கால் தொட்டுப் பார்க்கிறேன்.
மினுங்குவது வெறும் இரும்பும் கந்தகமும்.
செம்பு இப்படிப் பல்லிளிக்காது.

பக்கத்து அறையில் கையெழுத்து நடக்கிறது.
மிசூலாவின் பல் மருத்துவர் வெண்டல் ஹாகன்
டிக் அடித்துக்கொண்டே போகிறார்.
ஆண்டு வருமானம் இரண்டு லட்சம் டாலருக்கு மேல்.
அல்லது சொத்து பத்து லட்சத்துக்கு மேல்,
குடியிருக்கும் வீடு நீங்கலாக.

வீடு நீங்கலாக என்றால்
எனக்கு மிஞ்சுவது ஒரு பிக்கப் வண்டி.
டயர் இரண்டு புதுசு.

சட்டத்தைக் குறை சொல்லமாட்டேன்.
என் மாமனார் ஸ்டீவோ வுக்கொவிச்
வெள்ளிச் சுரங்கப் பங்குப் பத்திரங்களை
உள்ளறைச் சுவரெங்கும் ஒட்டிவைத்திருந்தார்.
குளிருக்கு அடக்கமாயிருக்கும் என்பார்.
அவரைப் போன்றவர்களுக்காகத்தான்
ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று
அரசாங்கம் வேலி கட்டியது.

ஆனால் ஆழம் இங்கே
என் கையெழுத்தில் அல்லவா இருக்கிறது,
பெட்டி பெட்டியாக!

"முழுப் பணமும் போனாலும் தாங்குவேன்"
என்ற வரியில் அவர் பேனா தயங்கவில்லை.
நானும் தாங்கினவள்தான்.
குழி மூடிய வருஷம் ஒருமுறை,
மைலோவின் நுரையீரலுக்கு ஒருமுறை.
அதற்குக் கட்டம் இல்லை.

கோட்டை மாட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார்.
தண்டில் மினுங்கியதை விரலால் தடவி
"இது நல்லதுதானே?" என்றார்.
அறிக்கை வான்கூவரில் எழுதுவார்கள், ஐயா,
நான் வெறும் எண் போடுகிறவள் என்றேன்.
அவர் சிரித்தார்.
நானும் சிரித்து வைத்தேன்.

கார் சத்தம் தேய்ந்ததும்
முதலாளி டெல்மர் எட்டிப் பார்த்து,
லொரெட்டா, இன்னும் ஒரு மாதம் பொறு என்றான்.
ஜனவரி, பிப்ரவரி, மார்ச்,
இப்போது இதுவும்.

என் வருமானம் என்ன, சொத்து என்ன,
இழந்தால் தாங்குவேனா என்று
அவன் கேட்கவில்லை.
படிவமும் நீட்டவில்லை.

நானூற்று இருபத்திரண்டு.
நாக்கில் இன்னும் கந்தகம்.