நாலு பதினேழு ரயில்

டண்டினோங் நகரசபைக் கட்டடத்தின் பின்பக்கம்
கதிரைகள் அடுக்கி வைக்கிற அறை.
சனிக்கிழமைகளில் அதற்குப் பெயர் ஸ்டூடியோ.
சுவரோடு மூன்று மெத்தை, ஒரு கம்பளி,
உடுப்புக் கொழுவியை வட்டமாய் வளைத்து
மைதிலியின் கிழிந்த ஸ்டொக்கிங்கை
இழுத்துக் கட்டியிருக்கிறோம்,
'ப' என்ற எழுத்து மைக்கில் வெடிக்காமல் இருக்க.
எங்களுக்கோ வெடிக்கிற எழுத்துத்தான் முதலில் வரும்:
பனி, பசி, பஸ், பயம்.

நான் பாடுவதில்லை.
லேப்டொப்புக்கு முன்னால் இருப்பேன்,
கோடு சிவப்பைத் தொட்டால் கத்துவேன்.

அச்சோலின் ஆங்கிலப் பாட்டில்
பதினொரு தரம் 'போய்விடு' வருகிறது.
ஆரை என்று கேட்டோம். சொல்லவில்லை.
நிரோஜன் 'வாடகை'க்கு எதுகை தேடி
'பாடகை' என்றொரு சொல் செய்தான்.
அப்படிச் சொல் இல்லை என்றேன்.
இனி இருக்கு என்றான்.

சாம்பவி வந்தது நாலாம் கிழமை.
உயிரியல் என்று உறையில் எழுதிய கொப்பிக்குள்
பின்பக்கமிருந்து தொடங்கும் பாட்டு.
மைக்குக்கு முன் போய் நின்றாள்.
திரையில் ஒரு பச்சைக்கோடும் எழும்பவில்லை.
வயரைக் கழற்றிப் பூட்டினேன்.
"சரி, தொடங்கு" என்றேன்.
"பாடி முடிச்சிட்டன்" என்றாள்.

சத்தமாய் என்றோம்.
மஹ்தி கையை உயர்த்தி உயர்த்திக் காட்டினான்.
அச்சோல் தன் வயிற்றில் தட்டி, இங்கிருந்து என்றாள்.
சத்தம் போட்டதும் அவள் வேறு ஆளாகிப் போனாள்,
கடையில் விலை கேட்கிற ஆள்.

பிறகு சப்பாத்து நாடாவைப் பார்த்தபடி சொன்னாள்:
அம்மாவுக்குக் கோழித் தொழிற்சாலையில் இரவு வேலை.
அப்பாவுக்கு விடிய நாலு மணிக்கு லொறி.
எந்நேரமும் வீட்டில் யாரோ ஒருவர் நித்திரை.
கதவின் கீழ் இடைவெளியில் துவாய்.
கரண்டியைக்கூடத் துணிமேல் வைக்கிற வீடு.
ஆறு வயதிலிருந்து
உதடு மட்டும் அறியப் பாடி வருகிறாள்.

அதற்குப் பிறகு
குரலைக் கூட்டச் சொல்லவில்லை.
காதைக் கூட்டினேன்.
பொத்தானை முடிந்த மட்டும் வலப்பக்கம் திருப்ப
அறை முழுக்க எழும்பி வந்தது.
குளிர்ப்பெட்டியின் முனகல்,
மெத்தைக்குள் ஒரு ஸ்பிரிங்,
நிரோஜனின் மூக்கு,
மத்தியானம் தின்ற நூடில்ஸை
விசாரிக்கும் யாருடையவோ வயிறு,
இவ்வளவுக்கும் நடுவில்
அவள்.

எச்சில் விழுங்குவது கேட்டது.
சொல்லுக்கு முதல் வருகிற காற்றுக் கேட்டது.

'சாவியை மெல்லத் திருப்பு,
நித்திரைக்கு நோகும்.'

ஒருவரும் மூச்சு விடவில்லை.
விட்டால் பாட்டில் வந்துவிடும்.

கடைசி அடியில்
நாலு பதினேழு கிரான்பேர்ன் ரயில்,
மெத்தை கம்பளி ஸ்டொக்கிங்
எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு.
திரை முழுக்கச் சிவப்பு.
நான் கத்தவில்லை.

இன்னும் ஐந்து தரம் எடுத்தோம்.
ஐந்தும் சுத்தம்.
குளித்து வெளிக்கிட்டு, போக இடமில்லாத மாதிரி.
கடைசியில் ரயில் வந்ததைத்தான் வைத்துக்கொண்டோம்.
அதற்கு 'முடிவு' என்று பெயர்,
பிறகு 'முடிவு இரண்டு',
பிறகு 'உண்மையா முடிவு'.

வீட்டில் அதைப் போட்டாளா, தெரியாது.
கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இன்று செவ்வாய்.
வேலை முடிந்து அதே ரயிலில் இருக்கிறேன்.
நகரசபையின் பின்சுவர் யன்னலுக்கு வருகிறது.
செவ்வாயில் அந்த அறைக்குள் கதிரைகள்தான்,
தெரியும்.
என்றாலும்
பையின் சிப்பை இழுக்கப் போன கை
அப்படியே நின்றது,
சுவர் கடந்து போகும்வரை.