பெறுநர்

கொருக்குப்பேட்டை கேட் மூடினால்
எனக்கு வியாபாரம்.
எண்ணெய் நாற்றத்தோடு கூட்ஸ் வண்டி
ஊர்ந்து முடிவதற்குள்
ஒரு மனு அடித்துவிடலாம்.

"சும்மாதானே நிக்கிறோம், எழுதிக் குடும்மா."
அனுப்புநர். பெறுநர். பொருள். ஐயா.
அதற்குக் கீழே எல்லாம் இறங்கும்:
சாக்கடை கலந்த குழாய்,
மூன்று மாதமாய்க் கண் திறக்காத தெருவிளக்கு,
ரேஷன் கார்டில் இன்னும் சாகாத மாமனார்.
மனுவுக்குப் பத்து ரூபாய்.
புருஷன் அடித்த கேஸென்றால்
காசு வாங்குவதில்லை,
தண்ணீர் கொடுத்து உட்காரவைப்பேன்.

என் டைப்ரைட்டரில் புள்ளி விசை தேய்ந்துவிட்டது.
தண்ணீர் என்று அடித்தால்
தண்ணீர என்று விழும்.
பத்தொன்பது வருடம் மண்டல அலுவலகத்திடம்
புள்ளியில்லாமலே கேட்டேன்.
தண்ணீரும் வரவில்லை,
புள்ளி எங்கே என்று ஒருவரும் கேட்கவுமில்லை.

வெள்ளம் வந்த வருடம்
பாயும் சட்டியும் பள்ளிச் சான்றிதழும் போனவர்களைப்
பட்டியல் எடுத்தோம்:
அங்கன்வாடி வசுமதி,
சுகாதார நிலையத்து ரஹமத்நிஷா, நான்.
முந்நூற்றுப் பன்னிரண்டு வீடு,
முழங்கால் தண்ணீரில் நின்று.
பட்டியலை வாங்கிப்போன கவுன்சிலர்
தன் பெயரை மேலே எழுதிக் கொடுத்தார்.
பரவாயில்லை, அரிசி வந்தது.
ஆனால் எந்தத் தெருவில் எத்தனை கதவு என்று
அன்றைக்கு என் காலுக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு ஒரு நாள் வட்டச் செயலாளர் வந்தார்.
"வார்டு லேடீஸுக்குப் போயிடுச்சி.
வீட்டம்மா பேர்ல
விருப்ப மனு ஒண்ணு அடிச்சிக் குடு."
பெயர் கேட்டேன்.
பாப்பா என்றார்.
வாக்காளர் பட்டியலில் இருக்கும் பெயர் என்றேன்.
போனை எடுத்துக்கொண்டு
ரயில் சத்தத்துக்கு அந்தப்பக்கம் நகர்ந்தார்.
இருபத்தாறு வருடக் குடித்தனம்.

அவர் கேட்டு வருவதற்குள்
இன்னொரு தாளைச் சொருகினேன்.
இனிஷியலோடு அடித்துப் பார்த்தேன்:
ச. நேசமலர்.
அதில் ஒரு புள்ளி விழவில்லை.
இன்னொன்றும் விழவில்லை.

கேட்ட சின்னம் ஸ்டேப்ளர்.
கிடைத்தது அழைப்பு மணி.
எங்கள் வீட்டில் அது கிடையாது;
கதவைத் தட்டினால் மூன்று வீட்டுக்குக் கேட்கும்.
அரசு சம்பளக்காரி ஓட்டுக் கேட்கக் கூடாது என்று
வசுமதி வரவில்லை,
குடையை மட்டும் கொடுத்தனுப்பினாள்.
நூற்றியேழு ஓட்டில் ஜெயித்தேன்.
பாப்பா எனக்குப் போட்டதாகச் சொன்னார்கள்.
பாப்பா அதைப் பற்றிப் பேசுவதில்லை.

முதல் நாள் அலுவலகத்தில்
இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள்,
பெரியது என் வீட்டுக்காரருக்கு.
லேத் பட்டறை மனுஷன்.
நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
"நான் போய் டீ குடிக்கிறேன்" என்றார்.
அன்றைக்கு ஐந்து டீ குடித்திருக்கிறார்.

நேற்று ஒரு மனு வந்தது.
கொண்டுவந்தது எட்டாவது படிக்கிற பெண்.
நகலின் நகலின் நகல்.
ஐயாவை அடித்து, மேலே
நீல மையில் அம்மா.
பழைய தெருப் பெயர்மேல் வெள்ளை பூசிப் புதுத்தெரு.
பெறுநர் என்ற இடத்தில் நான்.
கீழே
தண்ணீர வராததால
மிகவும சிரமப்படுகிறோம
என்று
என் விரல்கள், என் வாக்கியம்.
எந்த வருடம் அடித்தேனோ,
யார் வீட்டுத் தகரப் பெட்டியில் கிடந்ததோ.

"உரிய நடவடிக்கை எடுக்கப்படும்."
இப்படி எத்தனை பதிலைப் படித்துக் காட்டி
எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.
அந்த ரப்பர் ஸ்டாம்ப்
இப்போது என் மேஜையில்,
மை காயாமல்.

பெண் போகாமல் நிற்கிறது.
"கையெழுத்து போடுவீங்களா, ஆன்ட்டி?"
போடுகிறேன், இரு.
பேனாவை எடுத்து
முதலில் தண்ணீர மேல் ஒரு புள்ளி வைக்கிறேன்.
அப்புறம் வராததால மேல்.
தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில்,
அனுப்புநர் என்று எழுதி
என் பெயரை எழுதுகிறேன்.

பெறுநர் யாரென்று
யோசித்துக்கொண்டிருக்கும்போது
கேட் மூடுகிற மணி அடிக்கிறது.