எட்டாம் வேற்றுமை

புதுவயலில் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுக்கு
நெல் அவிகிற வாசம்.
கரும்பலகையில் படிந்த உமித்தூசியைத் துடைத்துவிட்டு
அமோ, அமாஸ், அமத் என்று எழுதுகிறேன்.

குருமடத்தில் மூன்று வருடம்.
அங்கியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.
இலக்கணத்தை யாரும் கேட்கவில்லை.

நாலாம் வகுப்பு, இருபத்திரண்டு பேர்.
"அமான்னா ஆமாவா சார்?"
இல்லடா.
"அப்ப இல்லைன்னு அர்த்தமா?"
அன்பு செய் என்று அர்த்தம்.
ராக்கப்பன் வெட்கத்தில் டெஸ்க்குக்கு அடியில் போய்விட்டான்.

நான் நேசிக்கிறேன் நீ நேசிக்கிறாய் என்று
வராந்தா வரை கேட்டதில்
தெய்வானை டீச்சர் வந்துவிட்டார்.
வேற வினைச்சொல்லே அகப்படலையா உங்களுக்கு?
மறுவாரம் மாற்றினேன்.
போர்த்தோ, போர்த்தாஸ். சுமக்கிறேன், சுமக்கிறாய்.
இதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.
பாதிப் பேரின் அப்பாக்கள் மில்லில் மூட்டை தூக்குகிறார்கள்.

இது என்னத்துக்கு உதவும் என்றும் கேட்டார்.
மருந்துப் பெயர், மரத்தின் பெயர் என்று ஏதோ உளறினேன்.
லிப்சா என்று சொல்லியிருக்கலாம்.

ஜூலையில் வந்து சேர்ந்தாள், பலாங்கிரிலிருந்து.
தமிழ்ப் பீரியடில் 'ழ' வருகிற வரிக்கு முன்பே
தலையைக் குனிந்துகொள்வாள்.
லத்தீனில் எல்லோருக்கும் நாக்கு ஒரே தடிமன்.
இந்த ஊரில் ஒரு வீட்டிலும்
சோறு போடும்போது பேசாத பாஷை.

நெல்லுக்கு ஒரீஸ என்றேன் ஒருநாள்.
எழுந்து நின்றுவிட்டாள்:
"ஒரிசா! எங்க ஊரு!"
சிகப்பி விடவில்லை:
"அரிசி. அரிசியத்தான் தப்பாச் சொல்றாங்க."
இருவரும் தீர்ப்புக்கு என்னைப் பார்த்தார்கள்.
அரிசி விஷயத்தில் படித்தவர்களே
இன்னும் அடித்துக்கொள்கிறார்கள் என்றேன்.
அது அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

இன்றைக்கு வேற்றுமை.
இடப்பக்கம் ஐ ஆல் கு இன் அது கண்.
வலப்பக்கம் லத்தீன், மொத்தம் ஆறு.
"நமக்கு எட்டு. ரெண்டு லீடிங்,"
என்றான் அழகுமணி.

கடைசியில் விளி. கூப்பிடுவது.
பவுலுஸ் என்று ஒருவன். கூப்பிட்டால் பவுலெ.
முருகன், முருகா மாதிரி.
பவுலே பவுலே என்று வகுப்பு கத்தியதில்
தவிட்டு லாரியின் கிளீனர் எட்டிப் பார்த்தான்.

லிப்சா கையைத் தூக்கினாள்.
"பொண்ணு?"
புவெல்ல.
"கூப்ட்டா?"
புவெல்லதான்.
"பையன்னா மாறுது. பொண்ணுன்னா மாறாதா?"

மாறாது.
நான் உண்டாக்கிய விதி இல்லை,
ஆனாலும் என் வாயிலிருந்துதான் வந்தது.

சிகப்பிக்குக் கோபம்.
"எங்கம்மா என்னயச் சிகப்பின்னா கூப்புடுது?
சிகப்பீ! நாலு வீதிக்குக் கேக்கும்.
ஏய் லிப்சா, நீட்டுடி."
இருவரும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு
மில் பக்கம் பார்த்து
புவெல்லா என்று நெடிலில் ஒரு கூச்சல்.

சரியாகச் சொன்னால் பிழை.
அந்தக் குறிலை நீட்டினால் அது விளி இல்லை,
வேறு வேற்றுமை.
'சிறுமியே' போய்
'சிறுமியால்' ஆகிவிடும்.
சிறுமியால், என்ன?
வாக்கியம் வாசலைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கும்.

சிவப்பு சாக்பீஸை எடுத்துவிட்டேன்.
அதற்குள் மில் வாசலில்
சாக்கை முக்காடாக மடித்துப் போட்ட ஒருவர் நின்று,
தன்னைத்தான் கூப்பிட்டார்கள் என்று நினைத்தாரோ என்னவோ,
எங்கள் ஜன்னலைப் பார்த்துக் கையாட்டினார்.
லிப்சா இரண்டு கையாலும் ஆட்டினாள்.

சாக்பீஸைப் பெட்டியில் போட்டேன்.
வீட்டுப்பாடம்: 'சிறுமியால்' என்று தொடங்கி ஒரு வாக்கியம்.
லத்தீன் வராதவர்கள் தமிழில் எழுதலாம்.
"எங்க பாஷையில?"
எழுதேன் என்று சொல்லிவிட்டேன்.

மணி அடித்தது. பைகள், காலடி, தவிட்டுப் புழுதி.
திங்கட்கிழமை அந்த ஒரு நோட்டை
யாரிடம் கொண்டுபோய்க் காட்டித் திருத்துவது?