எதிர்மலை

கூரையில்லாத ஸ்கேட்டிங் ரிங்க் அது.
தேக்குத் தளம் எப்போதோ யார் வீட்டிலோ விறகாகிவிட்டது.
மிச்சம் சிமெண்ட் தரை, மூன்று பக்கம் சுவர்.
நாலாம் பக்கம் பள்ளம்.
பள்ளத்துக்கு அந்தப்புறம்
தேயிலை போர்த்திய எதிர்மலை.

குன்னூரில் இருபத்தொரு வருடம்
சனிக்கிழமைதோறும் அங்கே மைக் செட் போட்டவன் நான்.
மழையென்றால் பாதி வாடகை.
பனியென்றால் முழு வாடகை,
பனிக்காக யாரும் கச்சேரியை நிறுத்தியதில்லை.
மைக்கின் வலைக்குள் ஈரம் இறங்கும்.
டெல்பின் பாடத் தொடங்குமுன்
முந்தானையால் அதைத் துடைப்பாள்.
துடைக்கும் சத்தம் ஊருக்கே கேட்கும்.
முதல் விசில் அதற்குத்தான்.

டிரம்ஸ் பெள்ளிராஜ்.
பகலில் கேத்தியில் கேரட் கழுவும் மெஷின் ஓட்டுகிறவன்.
அவன் ஓர் அடி அடித்தால்
எதிர்மலை சற்று யோசித்து
ஒரு நொடி கழித்துத் திருப்பிக் கொடுக்கும்.
தாளம் கலைகிறதென்று முதலில்
சுவரெல்லாம் சாக்குக் கட்டிப் பார்த்தோம்.
மலைக்கு யார் சாக்குக் கட்டுவது?
பிறகு அவனே பழகிக்கொண்டான்.
அடிப்பான், இடம் விடுவான்,
மலை தன் பங்கை முடித்ததும் அடுத்ததை அடிப்பான்.
ஈரோட்டிலிருந்து வந்த கிட்டார்காரர் ஒருவர்
"இன்னொரு டிரம்மர் எங்க உட்கார்ந்திருக்காரு?" என்று
ஸ்பீக்கருக்குப் பின்னால் போய்த் தேடினார்.

கடைசி பஸ் ஒன்பது பத்துக்கு.
காதர் பாட்சா ஹார்ன் அடிக்கமாட்டார்,
ஹெட்லைட்டை இருமுறை சிமிட்டுவார்.
இன்னும் ஒரே ஒரு பாட்டு என்று அர்த்தம்.
எஸ்டேட் லயத்து ஜனம்
பாதிப் பாட்டோடு படியேறும்,
மீதியை வளைவுகளில் பாடிக்கொண்டே போகும்.

அளக்க வந்தவர்கள் சுண்ணாம்பில் கோடு போட்டார்கள்.
மூன்று அடுக்கு, முந்நூற்று நாற்பது கார்.
ஊருக்கு வேண்டியதுதான், இல்லையென்று சொல்லமாட்டேன்.
மே மாத நெரிசலில் ஓர் ஆம்புலன்ஸ்
நாற்பது நிமிடம் அலறியதை
நானும் நின்று கேட்டேன்.
அதனால் மனுக் கொடுக்கப் போனவர்களோடு
நான் போகவில்லை.
போயிருக்கலாம்.

யாரும் பாட்டை விட்டுவிடவில்லை.
சொல்லக் கஷ்டமாயிருப்பது அதுதான்.
டெல்பின் ரிசார்ட்டில் பாடுகிறாள்,
சூப்புக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவே.
"கொஞ்சம் மெதுவாக" என்று
மேனேஜரிடமிருந்து துண்டுச்சீட்டு வரும்.
கீபோர்டு சிவஞானம் சமவெளிக் கல்யாணங்களுக்கு இறங்குகிறான்,
வேன் வாடகை போக எண்ணூறு நிற்கிறது.
லயத்து ஜனம் ரிசார்ட் கேட் வரைக்கும் வந்து பார்த்தது,
ஒரு தடவை.

சுவர்மேல் உட்கார்ந்திருந்த பொடியன்களில்
வருடத்துக்கு ஒருத்தனாவது குதித்து வந்து
"அண்ணா, அந்தக் குச்சியைக் கொஞ்சம் குடுங்க" என்பான்.
பெள்ளிராஜும் அப்படி வந்தவன்தான்.
இந்த வருடம் ஒருத்தனும் கேட்கவில்லை.
காதால் கேட்டால்தானே
வாயால் கேட்பான்.

போன சனிக்கிழமை ரிசார்ட் ஹாலில்
திரை இழுத்த கண்ணாடி, தரை முழுக்கக் கம்பளம்.
பெள்ளிராஜ் ஓர் அடி அடித்தான்.
இடம் விட்டான்.
ஒன்றும் வரவில்லை.
கரண்டியோடு ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்,
தப்பு விழுந்துவிட்டதென்று நினைத்திருப்பார்.
என் மிக்ஸரில் எக்கோவுக்கு ஒரு குமிழ் உண்டு.
விரல் அதன்மேல்தான் இருந்தது.
திருகவில்லை.
ஏனென்று அவனும் கேட்கவில்லை.

ஒயரைச் சுருட்டி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு
பார்க்கிங் வழியாகத் திரும்பினோம். பதினொன்றரை மணி.
இரண்டாம் அடுக்கில் யாரோ
காரைப் பூட்டிவிட்டு நடந்தார்,
கீக் என்றது கார்.

பெள்ளிராஜ் டிரைவரின் தோளைத் தொட்டு
நிறுத்தச் சொன்னான்.

பள்ளத்துக்கு அந்தப்புறம்
எதிர்மலை சற்று யோசித்து,
கீக் என்றது.