அளவு கொடுத்தவன்

தாள்மேல் படுக்கச் சொன்னாள்.
ஷூவைக் கழற்றவா என்றேன்.
வேண்டாம், அவர்களையும் கழற்ற விடவில்லை
என்றாள் நொர்மா.

புவனோஸ் ஐரஸில் செப்டம்பர் என்றால் வசந்தம்.
சதுக்கத்துப் புல்லில் இன்னும் ஈரம்.
தபால் நிலையத்திலிருந்து சாப்பாட்டு இடைவேளைக்கு வந்தவன் நான்,
கையில் பாதி தின்ற எம்பனாடா.
எந்தக் கட்சியிலும் இல்லை.
இன்றுவரை இல்லை.

கரித்துண்டு காதருகே தொடங்கியது.
கழுத்து, தோள், அக்குள்.
விரலிடுக்கில் புகுந்தபோது கூச்சம் தாங்காமல் சிரித்துவிட்டேன்.
யாரும் அதட்டவில்லை.

அப்போதுதான் எல்வீரா வந்தாள்.
என்னைப் பார்க்கவில்லை, கோட்டைப் பார்த்தாள்.
"என் லிசாந்த்ரோ இதைவிட நாலு விரல் உயரம்."

பேசி முடித்ததுதானே அம்மா, என்றாள் நொர்மா.
முகம் கிடையாது. பெயர் கிடையாது.
காணாமல் போன எல்லோருக்கும் ஒரே உருவம்.
அப்போதுதான் சுவர் பேசும்.

"பேசட்டும்.
அவனுக்கு இடது தோள் கொஞ்சம் தாழ்வு."

இருவர் வழக்குக்கும் நடுவே
மல்லாந்து கிடந்தேன்.
மேலே புறாக்கள்.
இடைவேளை முடியப் பத்து நிமிடம்.
யாரையும் கேட்காமல்
இடது தோளை இறக்கினேன்,
பாதத்தை நீட்டிக் கொடுத்தேன்.
நொர்மா கவனித்தாள், வாய் திறக்கவில்லை.
கரி, தோள் போன வழியே போயிற்று.

இரவு பசைவாளியோடு கிளம்பினார்கள்.
நான் போகவில்லை.
பயம், வேறென்ன.

விடிந்தபோது
வங்கிச் சுவரில், மருந்துக்கடை ஷட்டரில், தேவாலயத் தூணில்
நின்றுகொண்டிருந்தார்கள்
நேற்றுவரை ஊரில் இல்லாதவர்கள்.
கிழிக்க வந்த போலீஸ்காரன், மீசை அரும்பாத பையன்,
எங்கே கைவைப்பதென்று தெரியாமல் நின்றான்,
தோளிலா, தொண்டையிலா.
பிறகு கிழித்தான்.
பசை நல்ல பசை.
பாதங்கள் மட்டும் சுவரிலேயே தங்கிவிட்டன,
நாலு விரல் நீளமாக.

அன்றைக்கும் அஞ்சல்தலை விற்றேன்.
தளபதி ஒருவரின் முகம்,
கீழே பெயர்,
அதற்கும் கீழே விலை.
மக்கள் நாக்கில் நனைத்து
முஷ்டியால் குத்தி ஒட்டிவிட்டுப் போனார்கள்.

மகள் கல்யாணத்துக்குக் கோட்டு தைக்கப் போனேன்,
எத்தனையோ வருடம் கழித்து.
நாடாவைப் போட்ட தையல்காரர் சற்றே நிதானித்தார்.
இடது பக்கம் இறங்கியிருக்கிறதே,
பிறவியிலேயா?
இல்லை என்றேன்.
பஞ்சு வைத்துச் சமன்செய்து விடட்டுமா?

வேண்டாம்.