தரை ஈரம்

சூரமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபம்.
நேற்றைய தெர்மாகோல் எழுத்தில்
பிரபாவதி மட்டும் சுவரில் மிச்சம்.
மாப்பிள்ளை பெயர் உதிர்ந்துவிட்டது.
மணமக்கள் நாற்காலிகளுக்கு நடுவே
காகித மனிதனை நிறுத்தி
மார்பில் சிவப்பு மார்க்கரால்
பெருக்கல் குறி போட்டார் டெல்வின் சார்.
இங்கே சுடக் கூடாது என்று அர்த்தம்.
முதல் ஆளே அங்கேதான் சுட்டார்.

துப்பாக்கி என்று சொல்லக் கூடாதாம். கருவி.
மஞ்சள் நிறம், பிள்ளைகளின் பொம்மை போல.
இரண்டு முள். இரண்டு கம்பி. ஐந்து விநாடி.
நோட்டில் எழுதிக்கொண்டோம்:
தலை, கழுத்து, நெஞ்சு கூடாது.
கர்ப்பிணி, கிழவர், குழந்தை கூடாது.
ஈரத்தில் நிற்பவர், படியில் நிற்பவர்,
சானிடைசரை மேலே கொட்டிக்கொண்டவர்,
ஏற்கெனவே ஓட ஆரம்பித்தவர்...
ஒவ்வொருவராக அடித்துக்கொண்டே வந்தால்
பட்டியலில் மிஞ்சியது
காலையில் பொங்கல் சாப்பிட்டு வந்த
நாங்கள் பதினான்கு பேர்.

'வாங்கிப் பார்த்தவங்களுக்குத்தான் குடுக்கத் தெரியும்.'
விருப்பத்தின் பேரில் என்று ஒரு தாள், கையெழுத்து.
விருப்பமில்லை என்றால் சான்றிதழ் இல்லை.
சான்றிதழ் இல்லை என்றால்
மாதம் கூடுதல் எழுநூறு இல்லை.

கல்யாண வீட்டார் படுத்த மெத்தையை விரித்தார்கள்.
செவ்வாய்ப்பேட்டை நகைக்கடை வாசலில் நிற்கும்
குப்பண்ணன், முன்னாள் ராணுவம்,
விழுந்தபோது வந்த சத்தம்
அவருடையது இல்லை.
எழுந்து உட்கார்ந்து கேட்டார்:
'யாரு கத்துனது?'

என் முறை.
ஆளுக்கொரு தோளைப் பிடித்துக்கொண்டார்கள்.
கொண்டலாம்பட்டித் தறிப்பட்டறையில்
ஒன்பது வருஷம் நின்றவள் நான்.
மழைநாளில் இரும்பைத் தொட்டால் சுரீரென்று கடிக்கும்,
கையை உதறிவிட்டு அறுந்த இழையை முடிவேன்.
இது அப்படி இல்லை.
உதறுவதற்குக் கை வேண்டுமே.
கால், முதுகு, நாக்கு, எல்லாம்
வேறு யாரோ இழுத்துக் கட்டிய பாவு.
உள்ளே ஒன்றுதான் என்னுடையதாக இருந்தது:
ஒரு வார்த்தை சொல்லாம அடிச்சுட்டாங்களே.

சொல்லித்தான் அடித்தார்கள்.
மூன்று முறை, சத்தமாக.

ஆறாம் நாள், இரவு ஒன்றே கால்.
அஸ்தம்பட்டி ஆஸ்பத்திரி, அவசரப் பிரிவு.
தம்பியை ஓமலூரிலிருந்து மடியில் போட்டுக் கொண்டுவந்தவன்
பில் கவுண்டர் கண்ணாடியை ஸ்டூலால் உடைத்தான்.
மஞ்சளை எடுத்தேன். சொன்னேன்.
அவன் திரும்பவில்லை.
இன்னொரு முறை சொன்னேன்.
கேட்காது. எனக்குத் தெரியும் கேட்காது.
மூன்றாவதைச் சொல்ல வாய் வரவில்லை.
ஸ்டூலின் விளிம்பு என் முழங்கையில் பட்டது,
இன்னும் நீலமாக இருக்கிறது.
பிறகு அவன்
அதே ஸ்டூலைக் கீழே வைத்து
அதன்மேலேயே உட்கார்ந்தான்,
டோக்கனுக்குக் காத்திருப்பவன் போல.

காலையில் படிவம்.
கருவி பயன்படுத்தப்பட்டதா? இல்லை.
காரணம் எழுதச் சின்னதாக ஒரு கட்டம்.
அதில் எவ்வளவு எழுத முடியும்?
தரை ஈரம், என்று எழுதினேன்.